கொடுத்த பாதி

"இன்னொரு தடவை ஊதும்மா."

"ரெண்டு தடவை ஊதிட்டேன். மிச்ச மூச்சு எனக்கு வேணாமா?"

"ஊதுங்கறேன்ல. மெஷின் கத்துது, நான் என்ன பண்ண?"

பேருந்துப் பணிமனையில் சாவி வாங்குவதற்கு முன்னால் ஓட்டுநர்கள் எல்லோரும், குடித்திருக்கிறார்களா என்று காட்டும் கருவியில் ஊதிக் காட்டியாக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு ஊதல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவரும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அவர் முன்னால் நின்றவள் அந்தப் பணிமனையின் ஒரே பெண் ஓட்டுநர். குடிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட எழுந்து போய்விடுகிறவள் என்பது ஊதலுக்கும் தெரியும்.

அவள் மறுபடி ஊதினாள். டீசல் வாடையும், கழுவிவிட்ட தரையின் ஈர வாடையும், யாரோ அப்போதுதான் பற்றவைத்த சிகரெட்டின் புகையும் கலந்து கிடந்த அந்தக் காலைக் காற்றில், எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வாசனை மெல்லத் தலைதூக்கியது. பச்சை ஆப்பிளை நறுக்கி டப்பாவில் அடைத்து வைத்து மறந்துபோய், பிறகு திறந்தது போல. யார் ஆப்பிள் தின்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. வாசனை அவள் வாயிலிருந்துதான் வந்தது.

கருவி கீச்சென்று கத்தியது.

"உன்னை எனக்குத் தெரியும்மா. இதுக்குத் தெரியலையே," என்றார் ஊதல், அவள் முகத்தைப் பார்க்காமல். "ரத்தம் குடுத்து டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் சாவி கிடையாது."

அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அது கைவிட்டுப் போனால் அவளுக்கு என்று சொல்லிக்கொள்ள மிஞ்சுவது ஒரு தம்பி மட்டும்தான். அவனுக்கும் பாதியை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. போன வருஷம், குடித்துக் குடித்துக் கல்லீரலைக் கரைத்துவிட்டு அவன் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, தன் ஈரலில் பாதியை அறுத்துக் கொடுத்தாள். அறுத்த அதே டாக்டரிடம்தான் இப்போதும் போனாள்.

ரத்தம் எடுத்த மறுநாள் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க குடிச்சிருந்தா நான் திட்டிட்டுப் போயிடுவேன். இது வேறம்மா. நாம எதை முழுங்கினாலும் ஈரல் அதை அப்படியே விடாது, உடைச்சுத் துண்டு துண்டாத்தான் வெளிய அனுப்பும். சாராயத்தை உடைச்சா வர்ற துண்டுங்க உங்க ரத்தத்துல நிறைய இருக்கு. ஆனா சாராயத்தைக் காணோம். வீட்டுக்கு விருந்தாளியே வரலை, கூடம் பூரா எச்சில் தட்டு. எப்படி?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாருடைய எச்சில் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தம்பி கைபேசி பழுது பார்க்கிறவன். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவனைப் பார்த்து ஒரு கணம் அசந்துபோனாள். கன்னம் பூரித்திருந்தது. கண்ணின் வெள்ளை, உரித்த முட்டை போலப் பளபளத்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து காலிப் புட்டிகள் வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தன.

"அடப்பாவி," என்றாள். "மறுபடியுமா?"

"திட்டிக்கோக்கா. ஆனா ஒன்னு சொல்றேன், நம்பு. ஏறவே மாட்டேங்குது. எவ்வளவு ஊத்தினாலும் பச்சைத் தண்ணி மாதிரி இறங்குது. கிறுகிறுப்பே இல்லை. இந்தா பாரு."

அவள் தடுப்பதற்குள் ஒரு தம்ளர் நிறைய ஊற்றி மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் போல நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்தான். மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது. கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். அவன் முகத்தில் மாற்றமே இல்லை. அவளுக்குத்தான் முதலில் காது சுட்டது. பிறகு கன்னம். விலா எலும்புக்குக் கீழே, தையல் தழும்புக்கு உள்ளே, உறங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விழித்து வேலைக்குக் கிளம்பியது போல ஒரு சூடு புரண்டது. தொண்டை வழியே அந்த ஆப்பிள் வாசனை ஏறி வந்தது.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் பயந்தான், அது நிஜம். "அக்கா, என்னாச்சு உனக்கு?" என்று ஓடிவந்து தோளைப் பிடித்தான். ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால், ஓசியில் படம் பார்க்கப் பின்வாசல் கிடைத்துவிட்டவனின் முகம் ஒன்று எட்டிப் பார்த்து ஒளிந்துகொண்டதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"சத்தியமா இனிமே தொடமாட்டேன்," என்றான்.

சொன்னபடிதான் இருந்தான், கொஞ்ச காலம். அவள் குடிக்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், கருவியும் கத்துவதை நிறுத்தியது. "மெஷினுக்கு வயசாயிடுச்சு, என்னை மாதிரி," என்று ஊதல் சாவியைத் தூக்கிப் போட்டார். அவள் பிடித்துக்கொண்டாள். பாதை தெரிந்த பழைய வண்டி, கை தெரிந்த ஸ்டியரிங், கண்ணாடியில் தெரியும் தூங்குமூஞ்சிப் பயணிகள். உலகம் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் நாக்கு கசந்தது, இரும்பு ஆணியைச் சப்பியது போல. அவனைக் கூப்பிட்டாள்.

"தலைவலிக்கா. ரெண்டு மாத்திரை போட்டேன். அதுகூடவா உனக்குத் தெரியுது?"

அவன் குரலில் சிரிப்பு இருந்தது. அடுத்த நாள் கசப்பு வேறு மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு மாதிரி. கழிவறையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. என்ன விழுங்குகிறான்? எதற்காக? வலி இருப்பவன் விழுங்கும் அளவு அல்ல இது. எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறவன் விழுங்கும் அளவு. கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வண்டி மேம்பாலத்தில் ஏறும்போது வந்தது. நல்ல வெயில் நேரம். உட்கார இடமில்லாமல் கூட்டம். காது சுட்டது. கன்னம். ஆப்பிள். எதிரே ஒரு லாரி. அது இரண்டாகப் பிரிந்தது. எந்த லாரி நிஜம்? பிரேக்கை மிதித்தாள். பின்னால் அலறல். பாலத்தின் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு வண்டி நின்றது. கண்ணாடிக்கு வெளியே, வெகு கீழே, இன்னொரு சாலை.

ஒருவருக்கும் அடி இல்லை. தகவல் போய்ப் பணிமனையிலிருந்து ஊதல் ஓடிவந்தார். இந்த முறை அவள் ஊதவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் வந்ததும் அவர் மூக்கைச் சுளித்தார். கை நீட்டினார். அவள் சாவியைக் கொடுத்தாள்.

வீடு வந்து முகம் கழுவினாள். கண்ணாடியைப் பார்த்தாள். கண் மஞ்சள். உள்ளங்கை மஞ்சள். கழுத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். கீறலும் மஞ்சள்.

டாக்டரைக் கூப்பிட்டாள். உடனே வரச் சொன்னார். ஆம்புலன்ஸ் வண்டி அனுப்புவதாகச் சொன்னார். கட்டிலில் படுத்துக்கொண்டாள். சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்த்தாள். அறுத்த ஈரல் தானாக வளர்ந்துவிடும், பழைய அளவு வந்ததும் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

நிற்கவில்லை.

விலாவுக்குக் கீழே மேடு. நேற்று இல்லாத மேடு. தொட்டாள். சூடு. தொப்புளைத் தாண்டி இறங்கியிருந்தது. ஒருவருக்கு இவ்வளவு வேண்டாம். இது இரண்டு பேருக்கான அளவு.

வெளிக்கதவில் சாவி திரும்பும் சத்தம். வண்டி வந்துவிட்டதா? இல்லை. அவர்களிடம் சாவி ஏது? இன்னொரு சாவி ஒருவனிடம்தான் இருந்தது.

தம்பி. இஸ்திரி போட்ட சட்டை. ரோஜா நிறக் கன்னம். கையில் கனமான பை. அதற்குள் கண்ணாடியோடு கண்ணாடி உரசும் மெல்லிய சத்தம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். அவள் எழப் பார்த்தாள். முடியவில்லை. கத்தப் பார்த்தாள். நாக்கு தடித்துக் கிடந்தது.

அவன் குளிர்ந்த உள்ளங்கையை அவள் வயிற்றின் மேட்டில் வைத்தான். மெல்லத் தடவினான். அவன் கைக்கு அடியில் அது அசைந்தது. அவன் கை போன பக்கமெல்லாம் அதுவும் போனது.

"நல்லா வளந்திருக்குக்கா," என்றான் ஆசையாக. மறுகையால் ஒரு மூடியைத் திருகினான். "நீ கோவிச்சுக்காம ஒன்னே ஒன்னு பண்ணு. கொஞ்ச நேரம் செத்துடாம இருக்கியா?"