பூக்காத மாதத்து வாசம்

கொடியில் ஒரு பூகூட இல்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் பத்து நாளுக்கு முன்னால் முக்காலி போட்டு ஏறி, பூத்து ஓய்ந்த கிளைகளை எல்லாம் கவாத்து செய்து கூடையில் அள்ளியவளே அவள்தான். அப்படியிருக்க, காலையில் கணவரின் அறைக் கதவைத் திறந்ததும் ஹனிசக்கிள் பூவின் வாசம் முகத்தில் வந்து அப்பியது. கொழகொழவென்று, காற்றாடாத, தொண்டைவரை இறங்கி அங்கேயே தங்கிவிடுகிற வாசம். முதல் மூச்சுக்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மூச்சில் குமட்டியது.

குமட்டல் அவளுக்குப் புதுசு. ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷம் புண் கட்டும் அறையிலேயே காலம் தள்ளியவள். வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ‘டிரெஸ்ஸிங் அக்கா’. எந்தச் சீழுக்கும் மூக்கைச் சுளித்ததில்லை. புழு வைத்த காலைக் கழுவிவிட்டு வந்து, கையைத் துடைத்த கையோடு டீயில் பிஸ்கட் நனைத்துச் சாப்பிட்டவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பூவாசம் வயிற்றைப் புரட்டுகிறதென்றால் வெட்கக்கேடுதான்.

கணவர் பஸ் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போயின, பேச்சு குழறிப் பாதியாயிற்று. சன்னலை ஒட்டிக் கட்டில் போட்டு, அவருக்குப் பிடிக்குமே என்று சன்னலுக்கு வெளியே ஹனிசக்கிளை வைத்துக் கம்பிவலையில் ஏற்றிவிட்டாள். நான்கு மாதமாக அவர் முதுகின் அடியில் படுக்கைப்புண். உள்ளங்கை அகலம். ஆறாவிட்டால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தே தீருவது என்று அவருடைய தங்கை பிடிவாதமாக இருந்தாள். இந்த நிலைமையில் உள்ளே போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று டிரெஸ்ஸிங் அக்காவிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. இவரை மட்டும் விட மாட்டேன், என் கையாலேயே ஆற்றிக் காட்டுகிறேன் என்று வைராக்கியமாக இருந்தாள்.

கொடிக்கும் அவருக்குமாகத்தான் அவள் பொழுது கழிந்தது. கொடியின் தலைக்கு வெயில் வேண்டும், வேருக்கு நிழல் வேண்டும், அடிமண் காயக்கூடாது என்று சருகு பரப்புவாள். இந்த வருஷம் அசுவினிப் பூச்சி வேறு. இலைக்கு அடியில் பச்சைப் பேன் மாதிரி அடை அடையாக ஒட்டிக்கொண்டு, உறிஞ்சியதை எல்லாம் பிசுக்காகக் கழிந்து வைத்தன. சன்னல் திண்டு முழுக்கப் பிசுபிசுப்பு. அதன்மேல் கரிப்பூசணம், அதைத் தேடி எறும்பு. சோப்புத் தண்ணீரில் துடைத்துத் துடைத்து அவள் விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம். அவருக்குக் கட்டும் துணிகளைக் கொதிக்க வைத்து, வெயில் படட்டுமென்று அந்தக் கொடிமேலேயே உலர்த்துவாள். ஒட்டிக்கொண்டு வரும் தளிர்த் துணுக்குகளை உதறிவிட்டு எடுத்து வருவாள்.

பதினோரு மணிக்கு நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் மூக்கை உறிஞ்சினாள்.

“என்ன அண்ணி, ரூமுக்கு சென்ட் அடிச்சிருக்கீங்களா? கல்யாண வீடு மாதிரி மணக்குது.”

“ஆமா, அது ஒண்ணுதான் எனக்குக் குறைச்சல். கொடியோட வாசமா இருக்கும்.”

“கொடியில பூவையே காணோமே.”

டிரெஸ்ஸிங் அக்கா இடுக்கியும் கட்டுத்துணியும் இருந்த தட்டைக் கையில் எடுத்தாள்.

“சரி, புண்ணு எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க. திங்கக்கிழமைக்கு வண்டி சொல்லியாச்சு.”

“இன்னைக்கு இன்னும் கட்டுப் பிரிக்கல. நீயே வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் பேசு.”

இரண்டு பேருமாக அவரை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அவர் கண் சன்னல் வெளிச்சத்திலேயே நிலைகுத்தி நின்றது. அப்போதுதான் டிரெஸ்ஸிங் அக்கா எறும்புகளைப் பார்த்தாள். கட்டில் காலில் ஏறி, விரிப்பின் மடிப்போடு ஊர்ந்து, கட்டுத்துணிக்குள் போய்க்கொண்டிருந்தன. ஏறும் வரிசை ஒன்று, இறங்கும் வரிசை ஒன்று. இறங்கியவற்றின் வயிறுகள் கண்ணாடி மணிபோல உப்பியிருந்தன.

“சீ! கருமம்!” என்று கையாலேயே தட்டிவிட்டாள்.

கட்டைப் பிரித்தாள். சீழில் ஒட்டிய துணி எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும், பொருக்கோடு பிய்ந்து வரும். நேற்று மாலைவரை அப்படித்தான் வந்தது. இன்று அப்படி வரவில்லை. சர்க்கரைப் பாகுபோலக் கம்பி இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே புண் சுத்தமாக இருந்தது. ரோஜா நிறம், சீழ் இல்லை, அழுகல் இல்லை. ஈரமாக மினுங்கிய சதையில் அங்கங்கே தெளிந்த துளிகள் அரும்பி நின்றன, ஒவ்வொரு துளியிலும் தலையைக் கவிழ்த்தபடி ஓர் எறும்பு. வாசம் அங்கிருந்துதான் வந்தது.

“அட, நல்லா ஆறிட்டு வருதே அண்ணி!” என்று நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறுகிற புண்ணை டிரெஸ்ஸிங் அக்கா ஆயிரம் பார்த்திருக்கிறாள். ஆறுகிற புண் இனிப்பாக மணக்காது.

ஓரத்தில் வெள்ளை இழைகள் தெரிந்தன. கட்டுத்துணியின் நூலாக இருக்கும் என்று இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். இழை விறைத்தது. அதன்மேல் மெல்லிய பஞ்சு ரோமம் சிலிர்த்து நின்றது. சதைக்கு அடியில், முதுகெலும்பை ஒட்டி, ஏதோ ஒன்று நீளமாக வழுக்கி நகர்வது இடுக்கி வழியாகக் கைக்குத் தெரிந்தது. அவள் வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

“அண்ணி! அண்ணன் கால்!”

வலது கால். இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்த கால். கட்டைவிரல் மடங்கி விரிந்தது.

“இன்னொரு தடவை இழுங்க. அண்ணி, இழுங்களேன்!”

இழுத்தாள். ஐந்து விரலும் மடங்கின.

நாத்தனார் ஓவென்று அழுதேவிட்டாள். அண்ணனின் முதுகைத் தடவி, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்து, வாயையும் துடைத்தாள். உதட்டை நக்கினாள்.

“தித்திக்குது அண்ணி” என்றாள்.

டிரெஸ்ஸிங் அக்கா பின்கட்டுக்கு ஓடினாள். கழுவுதொட்டியில் எல்லாம் வெளியே வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே அலமாரியில் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. கவாத்து செய்தபோது நல்ல குச்சிகளாகப் பத்து எடுத்து, வேர் பிடிக்கிற பொடியில் தோய்த்து, புதுக்கன்று போடலாமென்று நட்டிருந்தாள். பத்தும் கறுத்து அழுகிக் கிடந்தன. ராசி இல்லாத கை என்று தன்னையே நேற்றுக்கூடத் திட்டிக்கொண்டாள்.

தொட்டிகளுக்குப் பக்கத்தில் இரண்டு ஜாம் பாட்டில்கள். இரண்டிலும் வெள்ளைப் பொடி. மொத்தமாக வாங்கிச் சின்ன பாட்டிலில் கொட்டி வைத்துக்கொள்வது அவளுடைய ஆஸ்பத்திரிப் பழக்கம். சிவப்பு மூடி போட்டது செடிக்கு. வெள்ளை மூடி போட்டது அவருக்கு.

சிவப்பு மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஆஸ்பத்திரி நெடி சுரீரென்று மூக்கில் ஏறியது. புண்ணுக்குப் போடுகிற மருந்து.

“இந்த மூடியை யாராவது கழட்டினாங்களா?” என்று கத்தினாள்.

“நான்தான் அண்ணி,” அறையிலிருந்து குரல் வந்தது. “போன தடவை வந்தப்போ பிசுபிசுன்னு எறும்பா மொய்ச்சுது. ரெண்டு மூடியையும் நல்லாக் கழுவி வச்சேன். ஏன்?”

போன தடவை என்றால், மூடிகள் இடம் மாறிப் பதினெட்டு நாள். காலையும் மாலையும் தவறாமல், பிள்ளைக்குப் பவுடர் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து அவர் புண்ணில் வேர்ப்பொடியைத் தூவியிருக்கிறாள். யாரை நொந்துகொள்வது? மூடியில் அடையாளம் வைக்காதீங்கடி, பாட்டிலில் வையுங்க என்று எத்தனை பயிற்சிப் பெண்களை அழ வைத்திருப்பாள்! 

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள்.

“சிஸ்டரம்மா.”

நின்றாள். கல்யாணமான புதிதிலிருந்து அவர் அவளைக் கேலியாகக் கூப்பிடும் பெயர் அது. இரண்டு வருஷமாக அதைத் திருத்தமாகச் சொல்ல அவருக்கு நாக்கு புரண்டதில்லை.

“சிஸ்டரம்மா... என் தலையை வெயில்ல வை. காலை நல்லா மூடிடு. காலுக்கு நிழல் வேணும்.”

சுத்தமான பேச்சு. மூச்சு முழுக்கப் பூவாசம். வாய்க்குள் நாக்கின் ஓரம் வெளிறிய பச்சை.

“பேச்சும் வந்திருச்சு!” நாத்தனார் சிரித்தாள், அழுதாள். “தெய்வமே, பேச்சும் வந்திருச்சு!”

“தள்ளிக்கோம்மா. இதை வெட்டணும்.”

“எதை வெட்டணும்?”

“இது ஆறல. இது வேற. உள்ள ஓடியிருக்கு. முதுகு பூரா ஓடியிருக்கு.”

“வேற என்னவா இருந்தா என்ன? கால் அசையுதில்ல?”

ஓர் இழையை வெட்டினாள். ரத்தம் வரவில்லை. தெளிந்த நீர் சொட்டியது. வலது கால் தொப்பென்று விழுந்தது. அவர் கத்தவில்லை. அவளையே பார்த்தார். கண்ணில் நீர் கோத்து வழிந்தது, கெட்டியாக, மெதுவாக. கன்னத்திலேயே ஓர் எறும்பு காத்திருந்தது.

“அண்ணி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், வேணாம்!” நாத்தனார் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள். “நான் வண்டி வேணாம்னு சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்.” போனோடு வாசலுக்குப் போனாள்.

டிரெஸ்ஸிங் அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.  இடுக்கி போதும். இழுத்துப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் இவர் இருக்க மாட்டார். பிடுங்காவிட்டால்...

அவருடைய வலது கை எழுந்தது.

இரண்டு வருஷமாக அவள் வேண்டாத நாளில்லை. ஒரே ஒரு தடவை அந்தக் கை தானாக எழுந்து தன்னைத் தொடட்டும் என்று. அது நடுங்கி நடுங்கி வந்து காற்றில் துழாவியது. அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் கையைக் கொடுத்தாள்.

பிடித்துக்கொண்டது. நல்ல பிடி. பஸ் ஸ்டியரிங் பிடித்த பழைய பிடி.

“என்னங்க,” என்று தேம்பினாள். “என்னங்க, என்னைத் தெரியுதா?”

அவர் சிரித்தார். வாசலில் நாத்தனாரின் குரல் கேட்டது. “வேணாங்க, வண்டி வேணாம். அண்ணனுக்குச் சரியாயிருச்சு.”

பிடி இறுகியது. ஈரமாக. குளிர்ச்சியாக. அவள் குனிந்து பார்த்தாள்.

அவருடைய சுண்டுவிரல் அவள் மணிக்கட்டை முழுசாக ஒரு சுற்று சுற்றியிருந்தது. எலும்பில்லாமல். இரண்டாவது சுற்றும் பாதிக்குமேல் வந்துவிட்டது. நகம் இருந்த இடத்தில் இளம்பச்சையாக, பூனைரோமத்தோடு, மெத்தென்று ஒரு நுனி. அது அவள் கைத்தோலை முகர்ந்து முகர்ந்து, முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.