முதிரைப் பலகையில் ஒரு மஞ்சள் கறை

யாரோ ஒருவன் அவளுடைய முதிரைப் பலகைமேல் சோற்றுப் பார்சலை விரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மிஹிரி வார்னிஷ் டின்னும் கையுமாகப் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டாள். எந்தப் பலகைமேல்…? மரம் விற்கும் மரக்காலை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கடைசியில் கண்ணில் பட்டதும் வேறு யாரும் விலை பேசுமுன் ஓடிப்போய்க் கையை ஊன்றி நின்று வாங்கி வந்த பலகை. இழைத்து முடித்தபோது பட்டுச்சேலை மாதிரி மின்னியது. அதில் ஓடிய ரேகைகளைப் பார்த்தால் அலையடிப்பதுபோல இருக்கும். மொரட்டுவையில் எத்தனை ஆயிரம் மேசை செய்தாலும் இப்படி ஒன்றை எவனும் செய்திருக்கமாட்டான் என்று நினைத்து நினைத்துப் பூரித்து, காலையில்தான் இரண்டு முக்காலிகள்மேல் கிடத்திவிட்டுப் போயிருந்தாள்.

"மாத்தயா… ஐயா, அது மேசை இல்ல."

அவன் திடுக்கிட்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் பார்சல் சரிந்தது. பருப்புக் கறி பலகையின் நட்டநடுவில் சாவகாசமாக ஓடியது. பதறிப்போய்க் கைக்குட்டையால் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க மஞ்சளும் எண்ணெயும் மரத்துக்குள் இறங்கின.

"தேய்க்காதீங்க… ஐயோ, கையை எடுங்க முதல்ல."

"ஸாரி மிஸ். பட்டறைக்காரர், பாஸ் உன்னே, உட்காரச் சொல்லிட்டு டீ வாங்கப் போனார். பார்க்க மேசை மாதிரியே இருந்துச்சு…"

"காலே இல்லாம மேசையா?"

"கீழ இருந்துச்சே கால்…" என்று முக்காலியைக் காட்டினான். வெள்ளைச் சீருடையிலும் பருப்பு. மூக்கு நுனியிலும் பருப்பு. அந்தக் கோலத்தில் அவன் கண்களை அகலவிரித்துப் பார்த்த பார்வை இருக்கிறதே… மிஹிரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் கோபம் போய்விடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பெயர் ஜனித். மொரட்டுவை ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். களுத்துறையில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு, வேறெந்த வீட்டிலும் இல்லாத மாதிரி ஒரு சாப்பாட்டு மேசை வேண்டுமென்று அவன் அம்மா ஆசைப்பட்டாளாம். சித்திரைப் புத்தாண்டுப் பாற்சோற்றை அதில்தான் பரிமாற வேண்டுமாம். அதைச் சொல்லத்தான் வந்திருந்தான்.

"இந்தப் பலகையையே குடுத்துடுங்களேன். நான்தான் கெடுத்தேன், நானே எடுத்துக்கிறேன்."

"கறை பட்ட பலகையில மேசை செஞ்சு என் பேரைக் கெடுத்துக்கச் சொல்றீங்களா? இதை நான் எரிச்சிடுவேன்."

"அப்ப வேற மரம் காட்டுங்க. ஆனா ஒண்ணு… எங்க வீட்ல எல்லாரும் சிந்தித்தான் சாப்பிடுவோம். அதனால சாப்பிட்டுப் பார்த்துத்தான் மரம் எடுப்பேன்."

திமிரைப் பார் என்று நினைத்தாள். ஆனாலும் மறுநாள் மதியம் ஸ்டேஷன் மணி அடித்ததும் அவள் காது ஏனோ வாசலுக்குப் போனது. வந்தேவிட்டான், கையில் இரண்டு பார்சல்களோடு. இவள் தேக்கில் ஒரு மாதிரித் துண்டை எடுத்துப் போட்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேண்டுமென்றே ஒரு சொட்டு மீன்குழம்பைச் சிந்திவிட்டு, துடைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான் அவன்.

"நல்ல மரம்தான். ஆனா ரொம்ப முறைப்பா இருக்கு மிஸ். எங்க ஹெட் ஆபீஸ் மாதிரி."

அப்பாடா என்றிருந்தது மிஹிரிக்கு. ஏன் அப்பாடா…? வியாபாரம் தட்டிப்போனதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை, காரணமும் பிடிபடவில்லை.

அடுத்து மஹோகனி வந்தது. சிவப்பு கண்ணைக் குத்துகிறது என்றான். வேம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, சோற்றில் கசப்பு இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டான். அதற்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கருவாடு புரையேறிவிட்டது. அவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். விரல் பட்டது… அவ்வளவுதான். அன்று மாலை உளியைப் பிடித்தபோதும் அந்த இடம் சுட்டுக்கொண்டே இருந்தது.

கால்களுக்குப் பூவரசு என்பது மட்டும் சுலபமாக முடிவாகிவிட்டது. மேல்பலகைதான் ஆகவில்லை. ஆகிவிட்டால்…? அப்புறம் மணி அடித்தாலும் இந்தப் படியேற அவனுக்கு என்ன காரணம் இருக்கும்? மரங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. புத்தாண்டும் நெருங்கியது.

கடைசியாக மிச்சமிருந்தது பலா. அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பார்சலைப் பிரிக்கக்கூட இல்லை, மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அந்த மழையில் குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மா உள்ளே நுழைந்தாள். ஜனித் எழுந்த வேகத்தில் முகம் வெளுத்துப்போயிற்று.

"அம்மா… நீங்க எங்க இங்க?"

"மேசையைப் பார்க்க வந்தேன். எங்கடா மேசை?"

மிஹிரியின் அப்பா தர்மதாச பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நோனா, மாத்தயாவுக்கு இன்னும் ஒரு மரமும் பிடிக்கல."

"பிடிக்கலையா? முதல் நாளே வீட்டுக்கு வந்து, பலகை கிடைச்சிடுச்சும்மா, அப்படி ஒரு பலகைன்னு குதிச்சானே. அதுக்கப்புறம் வேற மரம் எதுக்கு? தினம் ரெண்டு பார்சல் கட்டிக் கை ஓஞ்சுபோச்சு. ஒண்ணு பாஸ் உன்னேக்குன்னு சொன்னான்."

"எனக்கா? நான் ஒரு பருக்கை பார்க்கல நோனா," என்றார் தர்மதாச.

மிஹிரிக்குச் சுரீர் என்றது. அப்படியென்றால் அவன் தேடவே இல்லை. இவள் விடியற்காலையில் எழுந்து மரக்காலைக்கு ஓடியது, தூக்கி வந்தது, இழைத்தது… எல்லாம் அவனுக்கு மத்தியானப் பொழுதுபோக்கு.

"என் வேலை உங்களுக்கு விளையாட்டாப் போச்சு, இல்ல?" பலாத் துண்டைத் தள்ளிவைத்தாள். "மேசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொழும்புல கண்ணாடி மேசை விக்குது, வாங்கிக்கங்க."

"மிஸ், நான் சொல்றதை…"

"ஒண்ணும் சொல்லவேணாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவின் குடையை எடுத்து விரித்தான். போகப்போகிறான்… அந்தப் படியைத் தாண்டினால் இனி வரமாட்டான். கூப்பிடடி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறந்தால்தானே? ரோஷம்… பாழாய்ப்போன ரோஷம்.

"கொஞ்சம் இருங்க நோனா," என்றார் தர்மதாச. "அவசரம்னா தயாரா ஒரு பலகை இருக்கு. ஒரு கறைதான். பார்த்துட்டுப் போங்க."

"அப்பா, வேணாம்…" என்று மிஹிரி பாய்ந்து வருவதற்குள், மூலையில் எதன்மேலோ போர்த்தியிருந்த சாக்கை உருவிவிட்டார். முதிரைப் பலகை. நடுவில் அதே மஞ்சள் கறை.

"எரிச்சிடுவேன்னு சொன்னீங்களே," என்றான் ஜனித் மெதுவாக.

"விறகு… ஈரமா இருந்துச்சு."

"எரிக்கிறதாவது," என்றார் அப்பா. "இழைப்புளியை ரெண்டு தடவை ஓட்டினாப் போயிடும் இந்தக் கறை. சின்ன வயசிலேயே இதெல்லாம் தெரிஞ்ச பொண்ணு. என்னைக் கிட்ட விடமாட்டேங்கறா. காலையில எந்திரிச்சதும் முதல் வேலை, இதைத் தூசி தட்டி மூடி வைக்கிறதுதான்."

மிஹிரிக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. குடை கீழே விழும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது ஜனித் பட்டறை மேசையிலிருந்த இழைப்புளியை எடுத்து அவள்முன் நீட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கண்களில் மழைக்கு நடுவே வெயில் அடித்தது.

"சீவிடுங்க மிஸ். கறை போனாப் பலகை எங்களுக்கு."

வாங்கினாள். கறையின்மேல் வைத்தாள். தள்ளவேண்டியதுதான்… கை வரவில்லை.

"முடியல," என்றாள். "இதைச் சீவினா நீங்க வந்த நாளே போயிடும்… எனக்கு அது வேணும்."

சொல்லிவிட்டாள். எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தேக்கும் வேம்பும் ஒண்ணுதான் மிஸ்," என்றான் ஜனித். "மரம் பார்க்க வந்தேன்னு நினைச்சீங்களா? ஒரு மரம் பிடிச்சுதுன்னு சொன்னா, மறுநாள் உங்களைப் பார்க்க என்ன சாக்குச் சொல்வேன்…? அந்தப் பயத்துலதான் எல்லாத்தையும் குறை சொன்னேன். உங்களைப் பிடிச்சிருக்கு. முதல் நாள் நீங்க திட்டினப்பவே பிடிச்சிடுச்சு."

அவன் அம்மா ஈரமுந்தானையைப் பிழிந்துகொண்டே பலகையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், தலையைக் குனிந்து நின்ற பெண்ணைப் பார்த்தாள். "அது சரி. அப்ப புத்தாண்டுப் பாற்சோறு இந்த மேசையிலதானா, இல்லையா? அதைச் சொல்லுங்க யாராவது."

"இதுலதான்மா," என்றான் ஜனித். "ஆனா நடுவுல இந்தக் கறை…"

மிஹிரி இழைப்புளியைக் கீழே வைத்தாள். பலகையைத் தூக்கி முக்காலிகள்மேல் கிடத்தினாள். பிரிக்காமலிருந்த பார்சலைப் பிரித்தாள். ஒரு சொட்டு வார்னிஷ் வழிந்தாலே ஊரைக் கூட்டுகிறவள், பருப்பில் விரலைத் தோய்த்து, பழைய கறைக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, நிதானமாக ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் மெல்ல மரத்துக்குள் இறங்குவதை ஜனித்தோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சரியா இருக்கு," என்றாள். "தனியா இருந்தாத்தான் அது கறை."