இரும்புச் சுருள்

"அவருக்கு வருமானமே இல்லையாம் சார். கோர்ட்ல எழுதிக் கொடுத்திருக்காரு" என்று அந்த நர்ஸ் துப்பறிவாளரின் மேசைமேல் ஒரு தாளைப் போட்டாள்.

விவாகரத்து வழக்கு. இரும்பு கடையும் லேத் பட்டறை எட்டு மாதமாக ஓடவில்லை, மகளுக்குக் கொடுக்கக் காலணா இல்லை என்று கணவன் சத்தியம் செய்திருந்தான். நாக்குக் கூசவில்லை அவனுக்கு. ஏழு வயது மகளுக்கு இரண்டு காதும் மந்தம். பழைய காது மெஷின் போன மாதம் செத்துப்போனது. புதிது வாங்க ஒரு நர்ஸின் சம்பளம் காணாது. வியாழக்கிழமை விசாரணை.

"பச்சைப் பொய்!" என்று கொதித்தார் துப்பறிவாளரின் உதவியாளர். முன்னாள் பஸ் கண்டக்டர்; டிக்கெட் எடுக்காதவனைக் கண்டால் வரும் கோபம் இன்னும் போகவில்லை. "அவன்கிட்ட வேலை கொடுக்கிறவங்களை உலுக்கினா எல்லாம் வெளிய வந்துடும் சார்!"

"எல்லாம் ரொக்கம்ங்க. பில்லே கிடையாது. யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க" என்றாள் நர்ஸ்.

துப்பறிவாளர் தாளை இரண்டு முறை படித்தார். "கடைசியா எப்ப வந்தாரும்மா?"

"ஞாயித்துக்கிழமை, பிள்ளையைப் பார்க்க. அவர் செருப்பை விட்ட இடத்துல இது கிடந்து அவ கால்ல குத்திடுச்சு." காகிதத்தைப் பிரித்தாள். சுருண்ட இரும்புச் சீவல் ஒன்று பளபளத்தது.

மறுநாள், பழைய லேத் மெஷினை விலைக்கு வாங்குவதுபோல் துப்பறிவாளரும் உதவியாளரும் பட்டறைக்குப் போனார்கள். கணவன் சோக முகத்தோடு பூட்டைத் திறந்தான். லேத்தின் மேல் விரல் கனத்துக்குத் தூசி. தரையில் ஒரு சீவல்கூட இல்லை. துப்பறிவாளர் தூசியை விரலால் விலக்கினார். அடியில் எண்ணெய் மினுங்கியது.

"எடைக்குப் போட்டா என்ன வரும்? இங்க பழைய இரும்பு யார் எடுக்கறாங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீசைக்காரர். எடை சுத்தமா இருக்கும்" என்றான் கணவன், யோசிக்காமல்.

வியாழக்கிழமை, நீதிமன்றச் சமரச அறையில் கணவனும் அவன் வக்கீலும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"எட்டு மாசத் தூசி எண்ணெய்ல ஊறிக் களிம்பாகியிருக்கும். நான் பார்த்தது காய்ஞ்ச பொடி. புதுசா தூவினது" என்றார் துப்பறிவாளர். "உங்க செருப்புலேர்ந்து விழுந்த சுருளும் பழசுன்னா துருப்பிடிச்சிருக்கும்."

"துருப்பிடிக்கக் கூடாதுன்னு மெஷினுக்கு எண்ணெய் போடுவேன். சுருள் எங்கயாவது ஒட்டியிருக்கும்" என்றான் கணவன்.

"சரி. ஆனா லேத் ஓடினா சீவல் விழுந்தே ஆகணும். தரை சுத்தமா இருந்துச்சே, அதெல்லாம் எங்க போச்சு?" துப்பறிவாளர் ஒரு நோட்டை விரித்தார். "மீசைக்காரரோடது. திருட்டு இரும்பு வாங்கினான்னு பேர் வரக் கூடாதுன்னு கையெழுத்து இல்லாம அவர் எதையும் எடுக்க மாட்டார். வாரம் ஒரு மூட்டை சீவல், எட்டு மாசமா. எடை, தேதி, உங்க கையெழுத்து. தினமும் மெஷின் ஓடாம இவ்வளவு விழாது."

"அது வெறும் குப்பை சார்!" என்று வாய் தவறிச் சொன்னான் கணவன்.

நர்ஸ் எழுந்துவிட்டாள். "அந்தக் குப்பையைக்கூட விடாம வித்திருக்கீங்க! இரும்புக்கு நாள் தவறாம எண்ணெய் போட்டிருக்கீங்க! நம்ம பொண்ணைக் கூப்பிட்டா திரும்பறதில்ல. வண்டிச் சத்தம் கேக்காம அவ ரோட்டைத் தாண்டறப்போ என் உயிர் போய் வருது. ஞாயித்துக்கிழமை அவ பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

கணவன் தன் வக்கீலைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. நர்ஸ் மனுவோடு இணைத்திருந்த காது மெஷின் விலைச்சீட்டை வழக்குக் காகிதங்களிலிருந்து உருவி, பேனாவோடு அவன் முன் வைத்தார் வக்கீல்.

"கையெழுத்துதான் நல்லா போடறீங்களே. முதல்ல இதுல போடுங்க."