மீன் தூங்குமா?

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். "குழாய்த் தண்ணி ஏன் முறுக்கிக்கிட்டே விழுது?" "ஒருத்தர் கொட்டாவி விட்டா எனக்கும் ஏன் வருது?" இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் சொல்லிச் சொல்லியே அப்பாவின் சாப்பாடு ஆறிப்போகும்.

பள்ளியில் கதையே வேறு. நாலாம் வகுப்பில் அவளைப் போல வாயை மூடி உட்கார்ந்திருப்பவர் யாருமில்லை. காரணம், அந்த வகுப்பின் பொல்லாத பழக்கம். யாராவது தப்பாகப் பதில் சொன்னால் போதும், எல்லோரும் சேர்ந்து "ஓ...!" என்று ராகம் இழுப்பார்கள்.

ஒன்றாம் வகுப்பில், சிலந்திக்கு எத்தனை கால் என்று கேட்டபோது, "பத்து" என்றாள் வாயாடி.

"ஓ...!"

சிலந்தியின் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குட்டிக் கொம்புகளையும் சேர்த்து எண்ணிவிட்டாள், பாவம். ஏன் பத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று இறங்கிய கை அப்புறம் எழவே இல்லை.

இந்த வாரம் அவள் பக்கத்தில் ஒரு புதுப் பையன் வந்து சேர்ந்தான். இங்கத்துப் பழக்கம் அவனுக்கு என்ன தெரியும்?

"மீன் தூங்குமா?" என்று கேட்டார் டீச்சர்.

புதுப் பையன் துள்ளி எழுந்தான். "தூங்காது டீச்சர்!"

"ஓ...!" கூரையே பறந்துவிடும் போலிருந்தது.

"சத்தம் போடாதீங்க!" என்று அதட்டினார் டீச்சர். "தூங்கும்ப்பா. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். கண் கலங்கிவிட்டது. வாயாடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஐயோ, இனி இவனும் வாயைத் திறக்கமாட்டானே! அதோடு, இவ்வளவு அடித்துச் சொன்னானே, எதைப் பார்த்துச் சொன்னான்? கேட்டால் அவளுக்கும் ஒரு "ஓ" விழலாம். கேட்காவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

எழுந்துவிட்டாள். "டீச்சர், இவன் ஏன் அப்படிச் சொன்னான்னு கேக்கலாமா?"

"அட, இவளுக்குப் பேசக்கூட வருமா!" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

"நீயே கேளும்மா," என்றார் டீச்சர்.

"டேய், உனக்கு ஏன் அப்படித் தோணுச்சு?"

அவன் மெதுவாகச் சொன்னான். "எங்கம்மா பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்குறாங்க. அங்க ஒரு மீன் தொட்டி இருக்கு. அம்மா கிளம்புற வரைக்கும் அது முன்னாடிதான் உக்காந்திருப்பேன். ஒரு மீன்கூட கண்ண மூடினதே இல்ல. மூடுறதுக்கு இமையே இல்ல! அப்புறம் எப்படித் தூங்கும்?"

இந்தத் தடவை யாரும் ராகம் இழுக்கவில்லை.

"ஆமால்ல!" என்றது ஒரு குரல். "அப்ப எப்படி டீச்சர் தூங்கும்?"

"நல்லாப் பார்த்திருக்கேப்பா!" என்றார் டீச்சர். "முக்கால்வாசி மீனுக்கு இமை கிடையாது. கண்ணத் திறந்துகிட்டே அசையாம நின்னு தூங்கும்."

உடனே வகுப்பு முழுவதும் கொட்டக் கொட்ட விழித்தபடி தூங்கிப் பார்த்தது. கடைசி பெஞ்சுக்காரனுக்குக் கண்ணீர் கொட்டியது. "ரொம்பக் கஷ்டம் டீச்சர்!"

"உனக்கென்னடா கஷ்டம்? தினமும் என் பாடத்துல அப்படித்தானே தூங்குற!"

எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் புதுப் பையன்தான்.

"சரி, அடுத்த கேள்வி. எறும்பு ஏன் வரிசையாப் போகுது?"

வாயாடிக்கு ஒரு பதில் தோன்றியது. சரியா தப்பா, அவளுக்கே தெரியாது. அதற்குள் கை முந்திக்கொண்டு எழுந்துவிட்டது.