கோயில்பிள்ளையின் கடைசி வாய்

கீழே ஊரில் மாலை மணி அடித்து ஓய்ந்ததும், கலைமானின் முழக்கம் வடக்குப் பள்ளத்துக்குள்ளிருந்து எழுந்தது. இணை சேரும் பருவத்தில் கலைகள் மேட்டிலிருந்து முழங்கும், காட்டின் ஓரத்தில் நின்று முழங்கும், சில சமயம் ஓடையில் கால் வைத்துக்கொண்டுகூட முழங்கும். ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் பாறையும் ஈரமும் தவிர ஒன்றுமில்லை. பெண்மான் இறங்காத இடத்தில் கலைக்கு என்ன வேலை? புர்கிக்கு அந்தக் காட்டில் மரம் மரமாகத் தெரியும். அவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பரண் மூன்று பேருக்கு ஆனதல்ல. நான்கு கால்களின் மேல் நிற்கும் பலகைக் கூண்டு. நடுவில் அப்பா காஸ்பர், அவருக்கு வலப்பக்கம் துப்பாக்கியோடு செவரின், இடப்பக்க மூலையில் முழங்கால் இடிக்க அவள். ஈரக் கம்பளிக் கோட்டு, துப்பாக்கி எண்ணெய், அப்பாவின் மூச்சில் கலந்த ஷ்னாப்ஸ் சாராயம், எல்லாம் சேர்ந்து அடைத்த வாசனை.

"கேட்டியா மாப்பிள்ளை?" அப்பா கிசுகிசுத்தார். "நம்ம கோயில்பிள்ளை. மணி அடிச்சா போதும், ஆள் ஆஜர்."

கோயில் மணி அடிப்பவரைப் போல மாலை மணிக்குத் தவறாமல் வெளியே வருவதால் அந்தக் கலைக்கு ஊர் வைத்த பெயர் அது. ஆனால் கோயில்பிள்ளை செத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே செத்துவிட்டது. சுட்டவள் புர்கி.

அப்படிச் சுட வைத்த கோபத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடாகும். பனிக்காலத்தில் இடுப்பளவு பனியில் வைக்கோல் சுமந்தது யார்? உப்புக்கட்டி வைத்தது யார்? இந்தப் பரணுக்குப் பலகை அடித்தது யார்? அந்தக் கலை முதல் கொம்பு முளைத்த குட்டியாய் இருந்த காலத்திலிருந்து ஒவ்வோர் இலையுதிர் காலமும் அதன் பின்னாலேயே திரிந்தவள் அவள். சுடுகிற வயசு அதற்கு வரட்டும், அது உனக்குத்தான் என்று சொன்னவர் இதே அப்பா. வயசு வந்தது. கொம்பு ஊரே பேசும் அளவுக்கு விரிந்தது. அப்போது பார்த்துத் தங்கை வ்ரோனிக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை செவரின், மரம் அறுக்கும் ஆலைக்காரர் மகன், ஜூன் மாதம்தான் வேட்டை அனுமதிச் சீட்டு வாங்கியவன். அப்பா சாப்பாட்டு மேசையில் பீர்க் குவளையைத் தூக்கி, "கோயில்பிள்ளை மாப்பிள்ளைக்கு!" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். புர்கியும் தட்டினாள். வேறு என்ன செய்வது?

"அப்பா, அது எனக்குன்னு சொன்னியே," என்று அடுக்களையில் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"வீட்டுக்கு வர்ற ஆம்பளைக்கு முதல் மானே பெருசா இருக்கணும்டீ. உனக்கென்ன, காட்டுலயே கிடக்குற. அடுத்தது வராமலா போகும்?"

ஞாயிறு அறுவடைத் திருவிழா. ஊரே கோயிலடியில் இருந்தது. வாத்தியக் கோஷ்டி, பன்றிக்கறி, வானத்தை நோக்கி வெடிக்கும் வாணக்குழாய்கள். அந்த வெடிச் சத்தத்துக்குள் தன் ஒரு வெடியை ஒளித்துவிட்டாள் புர்கி. பள்ளத்தின் விளிம்பில் கலை முட்டி மடங்கி, உருண்டு, அடியில் போய்க் கிடந்தது. இறங்கிப் போனாள். யாருக்கும் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனாலும் கை பழகின கை. ஊசியிலைக் கொப்பு ஒன்றை ஒடித்து அதன் பற்களுக்கிடையில் வைத்தாள். அதற்குக் கடைசி வாய் என்று பெயர். விழுந்த மிருகத்துக்கு வேட்டைக்காரன் ஊட்டும் கடைசிக் கவளம். அதன் பிறகு சுட்டவர் தொப்பியைக் கழற்றி, மிருகத்தின் கண் மங்குகிற வரை பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருக்க வேண்டும். அவள் உட்காரவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். காட்டை அத்தனை நாள் மதித்தவள், அதை அங்கேயே போட்டுவிட்டுத் திருடியைப் போல ஓடி வந்தாள்.

இப்போது அந்தப் பள்ளத்திலிருந்து இரண்டாவது முழக்கம். முன்னைவிட மேலே.

வேறு கலையாக இருக்கும், என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இடம் காலியானால் இன்னொன்று வரும், அது இயற்கை. ஆனால் அந்தக் குரலின் முடிவில் வரும் இருமல், தொண்டையில் சளி கட்டிய கிழவரின் இருமல், அது வேறெந்தக் கலைக்கும் கிடையாது.

பள்ளத்திலிருந்து மூடுபனி புல்வெளிக்கு வழிந்து வந்தது. அதோடு ஒரு நாற்றமும். செவரின் மூக்கைச் சுருக்கினான்.

"மாமா, என்ன இது, இப்படி நாறுது?"

"பருவத்துல கலை அப்படித்தான் நாறும் மாப்பிள்ளை. பயத்துல உன் மூக்கு அடைச்சுக்காம இருக்கே, அதுவே பெருசு."

செவரின் சத்தமில்லாமல் சிரித்தான். பிறகு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அவள் பக்கம் சாய்ந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"புர்கி, இது உங்க மானாமே. வ்ரோனி நேத்துதான் சொன்னா. எனக்கு வேணாம்னு மாமாகிட்ட சொல்லிப் பார்த்தேன். கேக்க மாட்டேங்கிறார். நீங்க சுடுங்களேன், நான் சுட்டேன்னு சொல்லிக்கலாம்."

அவன் நல்லவனாக இருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிச்சை போடுகிறானா? என் மானை எனக்கே?

"பேசாம முன்னால பாரு," என்றாள்.

சொல்லிவிடலாம். இறங்கிப் போய்விடலாம் அப்பா, இன்றைக்கு வேண்டாம் அப்பா. காரணம் கேட்பார். காரணம் சொன்னால், சொந்தக் காட்டிலேயே திருட்டு வேட்டை ஆடியவள் என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவார். அந்தக் காட்டை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? அப்பாவின் கை செவரினின் தோளில் தட்டிக்கொடுத்தபடி கிடந்தது. அந்தக் கை அவள் தோளில் ஒருநாளும் அப்படிக் கிடந்ததில்லை. சாகட்டும், என்று நினைத்தாள். யாரை நினைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பறவைச் சத்தம் நின்றது. ஓடையின் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் கேட்காத மாதிரி ஆனது.

கலை வெளியே வந்தது.

மூடுபனிக்கு மேலே முதலில் கொம்பு தெரிந்தது. இடப்பக்கம் பிளவுபட்ட நுனி, கோயில்பிள்ளையின் அடையாளம். பிறகு கழுத்து, பிடரி, தோள். குளிரில் அவர்கள் மூவரின் மூச்சும் ஆவியாகிப் பலகையில் படிந்துகொண்டிருந்தது. கலை தலையைத் தூக்கி முழங்கியது. அதன் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

"அடேயப்பா," என்றார் அப்பா. "என்னா கொம்பு! வாயில பாரு, எதையோ மென்னுக்கிட்டே வர்றான், அவசரக்காரன்."

அது மெல்லவில்லை. புர்கி பைனாகுலரில் பார்த்தாள். பற்களுக்கிடையில் ஊசியிலைக் கொப்பு. அவள் ஒடித்த கொப்பு, அவள் வைத்த கோணத்திலேயே. தோளுக்குப் பின்னால் காய்ந்து கறுத்த வட்டம். அந்த வட்டத்தில் ஏதோ நெளிந்துகொண்டிருந்தது.

"அப்பா," என்றாள். "வேண்டாம் அப்பா. சுட வேண்டாம்."

அவர் திரும்பவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"கடைசி நேரத்துல கெடுக்கப் பாக்குறியா? பொறாமை பிடிச்ச கழுதை. வாயை மூடு."

மூடிக்கொண்டாள். பொறாமை என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சுடட்டும். நன்றாகச் சுடட்டும்.

"தோளுக்குப் பின்னால. மூச்சை விடு. இப்ப."

வெடித்தது. பரண் அதிர்ந்தது.

குண்டு பட்ட கலை துள்ளும். இல்லை, முன்னங்கால் மடங்கி விழும். இது இரண்டையும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மாடு படுப்பது போல நிதானமாக முட்டி மடித்து, வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தது. கொன்ற மிருகத்தை வேட்டைக்காரர்கள் கிடத்துவதும் வலப்பக்கமாகத்தான்.

"விழுந்துட்டான்! நின்ன இடத்துல விழுந்துட்டான்!" அப்பா செவரினைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "போ மாப்பிள்ளை. தனியாப் போகணும், அதான் முறை. கொப்பு ஒடிச்சுக் கடைசி வாய் குடு. தொப்பியைக் கழட்டிட்டுப் பக்கத்துல உக்காரு. கண்ணு மங்குனதும் கூப்பிடு, நாங்க வர்றோம்."

செவரின் ஏணியில் இரண்டு படி இறங்கி நின்றான். தலை மட்டும் கதவில் தெரிந்தது.

"புர்கி, நீங்களும் வாங்களேன்."

இதுதான் நேரம். அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். அப்பா புன்னகையோடு துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல வருஷத்தில் அந்த முகத்தில் அவள் பார்க்காத புன்னகை.

"உன் மான்," என்றாள். "நீயே போ."

அவன் தலை மறைந்தது. புல்லில் பூட்ஸ் நடக்கும் சத்தம். போகப் போகக் குறைந்தது. மூடுபனி முதலில் அவன் முழங்காலை விழுங்கியது, பிறகு இடுப்பை. கடைசியில் தொப்பியும் மறைந்தது.

காத்திருந்தார்கள்.

"மாமா!" பனிக்குள்ளிருந்து செவரினின் குரல். "ரத்தமே இல்ல மாமா!"

"வியர்வைன்னு சொல்லு!" அப்பா சிரித்துக்கொண்டே கத்தினார். வேட்டைக்காரன் மிருகத்தின் ரத்தத்தை ரத்தம் என்று சொல்லக் கூடாது. "ரத்தம்னா அபராதம்! எல்லாருக்கும் ஒரு ரவுண்டு!"

"மாமா." இப்போது குரல் தாழ்ந்திருந்தது. "வாயில ஏற்கெனவே ஒரு கொப்பு இருக்கு. யாரோ கடைசி வாய் குடுத்திருக்காங்க."

அப்பாவின் கை துணியோடு நின்றது. அவர் மெதுவாகத் திரும்பினார். அந்த முகத்தை அவள் பார்த்தாள். அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிறு, வெடி, பள்ளம். அழவில்லை. கத்தினாள்.

"நான்தான்! என் மானை நான்தான் சுட்டேன்! நீ வாக்குக் கொடுத்த மான்!"

ஏன் சுட்டாய் என்று அவர் கேட்கவில்லை. திருடி என்று சொல்லவில்லை.

"பக்கத்துல உக்காந்தியா?"

"என்ன?"

"சுட்டப்புறம். கண்ணு மங்குற வரைக்கும். உக்காந்தியா புர்கி?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"செவரின்!" அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. "செவரின்! எந்திரிச்சு வா! ஓடி வா!"

முழக்கம் பதில் சொன்னது. முடிவில் இருமல்.

இறங்கினார்கள். அப்பா பாதி ஏணியிலிருந்து குதித்தார். அவள் பின்னால். புல் நனைந்து வழுக்கியது. எதுவும் தெரியவில்லை. நாற்றம் மட்டும். கையை நீட்டினால் கை தெரியவில்லை. அப்பாவின் மூச்சு முன்னால். அவள் செவரின் பெயரைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். என்னை மன்னித்துவிடு என்று சொன்னாள், அது அவனிடமா, கலையிடமா தெரியவில்லை. தடுக்கியது. தொப்பி. செவரினின் தொப்பி, முறைப்படி கழற்றிப் புல்லில் வைத்தது.

அப்பா நின்றார். அவள் அவர் முதுகில் மோதி நின்றாள்.

பனி விலகியது.

கலை படுத்திருக்கவில்லை. நான்கு காலையும் அடியில் மடித்து, கழுத்தை நிமிர்த்தி, உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. வாயில் கொப்பு இல்லை. அதன் பக்கத்தில் செவரின் கிடந்தான், வலப்பக்கமாக, கையும் காலும் ஒழுங்காக நீட்டி. உடம்பில் காயமில்லை. உதடுகளுக்கிடையே ஊசியிலைக் கொப்பு நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து மெல்லிசாக ஆவி வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

அப்பா துப்பாக்கியைத் தூக்கினார். தூக்கியவர் இறக்கினார். செத்ததை எங்கே சுடுவது? ஓரடி முன்னால் வைத்தார். கலை தலையைத் திருப்பியது. அவர் கால் அதற்கு மேல் எழவில்லை. அவர் கை, அவரைக் கேட்காமலே, மேலே போய்த் தன் தொப்பியைக் கழற்றியது.

கலை மறுபடி செவரினின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. அவசரப்படவில்லை. செவரினின் கண் இன்னும் மங்கவில்லை. அந்தக் கண் புர்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது.