வரிசையில் இன்னொருத்தி

“மறுபடியும் பாதியில நிறுத்திட்டீங்க அக்கா. முழுசா பத்து நிமிஷம்.”

“நான் எங்கப்பா நிறுத்தினேன்? பேசிக்கிட்டேதானே இருந்தேன்.”

“ஏதோ முணுமுணுன்னு பாடினீங்க. புதுசா சேர்ந்தவங்க இது கம்ப்யூட்டர் கிளாஸா, பாட்டு கிளாஸான்னு கேக்குறாங்க.”

கூட வேலை பார்ப்பவன் சிரித்துவிட்டு ஃபோனை வைத்தான். அவள் பாடியதே கிடையாது.

வீட்டிலிருந்தபடியே அவள் எடுக்கும் பாடம் அது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ஒன்றை நிறுத்தி, அது நின்ற இடத்தைக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும். முறை வந்ததும் பழைய வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் தான் நின்றிருந்தது அதற்குத் தெரியவே தெரியாது.

மேஜைமீது மதிய வெயில் படிந்திருக்க, பள்ளி விடுமுறையிலிருந்த எட்டு வயது மகளின் அறையிலிருந்து கார்ட்டூன் வாத்துகளின் கூச்சல் சுவரைத் தாண்டி மெல்லக் கசிந்து வந்தது. தகராறு செய்யும் கம்ப்யூட்டரை வேவு பார்ப்பதுபோல, அவள் தன்னையே கண்காணிக்க நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை நோட்டில் எழுதினாள். 2.10. 2.11. 2.12. 3.40.

வெயில் தரைக்கு இறங்கியிருந்தது. தலை ஈரமாக இருந்தது. கையில் அவள் வாங்கியிராத சோப்பின் மணம். வாத்துகள் ஓய்ந்திருந்தன.

களைப்பு. டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பாடத்தின் மிச்சம் நினைவுக்கு வந்தது. வரிசையில் வேறு யாரும் காத்திருக்காவிட்டால், ஓடும் வேலையை நிறுத்தவேண்டிய தேவையே இல்லை.

ஃபேன் காற்றில் நோட்டின் பக்கம் புரண்டது. வேறொரு கையெழுத்து. 2.13. 2.14. 2.15. அப்படியே 3.39 வரை. ஒரு நிமிடம்கூட விடுபடவில்லை.

மகளின் அறைக்கு ஓடினாள். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். காலையில் அது இல்லை. திருகாணிகள் பளபளத்தன.

“கண்ணு?”

“அம்மா, நிஜமா நீதானா?”

“நான்தான்டா. இதோ.”

தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

இரண்டு தாழ்ப்பாள்கள் இருந்தன.

ஜன்னலில் வெயில் இல்லை. மேலே இருந்ததைப் பற்றினாள்.

ஐந்து தாழ்ப்பாள்கள்.

விரல்களில் மரத்தூள். நகக்கண்ணில் ரத்தம். கதவுக்கு அப்பால், தரையோடு தரையாக, குரல் இப்போது மிகவும் மெலிந்திருந்தது.

“வந்துட்டியாம்மா? அந்தப் பாடுற அம்மா வர்றதுக்குள்ள ஒண்ணையாவது திறந்து விடேன்.”