பின் இருக்கையில் ஈரம்

வாடகைக்கு எடுத்த காரின் பின் இருக்கை ஈரமாக இருந்தது. பையை வைக்கப் போன எர்சிலியாவின் உள்ளங்கையில்தான் அது முதலில் பட்டது. வலது ஓரத்தில், ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு ஈரம். கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை இல்லை. கடல்பாசி வாசனை. கூடவே, பல நாள் மூடிக் கிடந்த மீன் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர்ந்த நெடி.

"காலையிலதான் கழுவினோம் மேடம்," என்றார் கஸ்பாரே. ட்ராபனி துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் நான்கே நான்கு கார்களை வைத்து வாடகைக்கு விடுகிறவர். "அடிக்கிற ஷிரோக்கோ அனல் காத்துக்கு அரை மணியில காஞ்சிடும். கொடியில போட்ட துணியெல்லாம் அப்பளம் மாதிரி நிக்குது."

"வேற வண்டி இல்லையா?"

"ஆகஸ்ட் மாசத்துல வேற வண்டியா? என் பொண்டாட்டியே பஸ்லதான் போறா. அதுக்கு அவ என்னை ஏசுறத நீங்க கேக்கணும்."

தங்கை மிரெல்லா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எர்சிலியா சாவியை வாங்கிக்கொண்டாள். மிரெல்லா இப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பலேர்மோ ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி ஏற்றி அவளுடைய முடி மொத்தமும் கொட்டி, போன மாதம்தான் விரல் நகம் அளவுக்குத் திரும்ப முளைத்திருந்தது. அதன்மேல் ஒரு மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். புற்று போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, என்ன வேண்டும் என்று எர்சிலியா கேட்டாள். "ஒரு காரு, ரெண்டு நாள், கடலோரமா எங்க தோணுதோ அங்க. நீ ஓட்டு, நான் வழி சொல்றேன்," என்றாள் மிரெல்லா. அவ்வளவுதான்.

கஸ்பாரே எர்சிலியாவின் கைபேசியை வண்டியோடு இணைத்துக் கொடுத்தார். யாராவது கூப்பிட்டால் வண்டிக்குள்ளேயே குரல் கேட்கும், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம் என்றார். இருவரும் கிளம்பினார்கள்.

காலை முழுக்க ஊருக்குள்ளேயே சுற்றினார்கள். கடல் மதிலை ஒட்டி நடந்தார்கள். மீன் குழம்பு ஊற்றிய குஸ்குஸை மிரெல்லா இரண்டு தட்டு சாப்பிட்டாள். எர்சிலியா தன் தட்டை மறந்து அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது வெயிலில் நின்ற காரின் இரும்பைத் தொட முடியவில்லை. கதவைத் திறந்ததும் சூட்டோடு அந்த நெடியும் முகத்தில் அடித்தது. எர்சிலியா பின் இருக்கையைத் தடவிப் பார்த்தாள். வலது ஓரம் காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஈரம் இப்போது நடுவில் இருந்தது.

"மிரெல்லா, இத வந்து பாரேன்."

"என்னத்தப் பாக்குறது? ஓட்டை ஏசி, தண்ணி சொட்டுது. ஏறுக்கா. இதுக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கணும்னு சொல்லுவ போல."

ஊருக்கு வெளியே சாலை உப்பளங்களுக்கு நடுவே ஓடியது. இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புத் தண்ணீர் நிறைந்த பாத்திகள், ஓட்டுச் சில்லுகளால் மூடிய உப்புக் குவியல்கள், அசையாமல் நின்ற காற்றாலைகள். மதியத் தூக்க நேரம். வீடுகளின் மரச் சன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன, ஒரு நாய்கூட ரோட்டில் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த காற்று மணலையும் உப்புத் தூளையும் கண்ணாடிமேல் உரசிக்கொண்டே இருந்தது, யாரோ விரல் நகத்தால் மெதுவாகக் கீறுவதைப் போல. அந்தச் சத்தம் முன் கண்ணாடியிலிருந்துதான் வருகிறது என்று எர்சிலியா தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

சாலையோரத்தில் திறந்திருந்த ஒரே ஒரு பெட்டிக்கடையில் கிரானீட்டா என்ற எலுமிச்சை ஐஸ் வாங்க நிறுத்தினார்கள். கடைக்காரம்மா குண்டாக, வியர்த்துக் கொட்டியபடி, மூன்று கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வண்டி அருகே வந்தாள்.

"ரெண்டுதான் கேட்டோம்," என்றாள் எர்சிலியா.

"காசு வேண்டாம் தாயி, அது என் கணக்கு. இந்த வெயில்ல பின்னால அந்தம்மா ஒண்ணும் குடிக்காம உக்காந்திருந்தா எனக்கு மனசு கேக்குமா?" குனிந்து பின் சன்னல் வழியாகச் சிரித்தபடி கோப்பையை நீட்டினாள். சிரிப்பு அப்படியே நின்றது. நிமிர்ந்தாள். கோப்பை கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கடைக்குள் போய்ச் சன்னலை இழுத்து அடைத்தாள்.

மிரெல்லாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வெயில் இந்தம்மா மண்டையில ஏறிடுச்சு."

எர்சிலியா சிரிக்கவில்லை. பின் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. ஈரம் மறுபடி நகர்ந்திருந்தது. இப்போது மிரெல்லாவின் இருக்கைக்கு நேர் பின்னால். அதோடு, மிரெல்லா தலை சாய்க்கும் இடத்தின் பின்பக்கத் துணியில், ஒரு கன்னம் அளவுக்கு, வட்டமாக ஈரம்.

"திரும்பிடலாம். வண்டிய அந்த ஆள்கிட்டயே குடுத்துடலாம்."

"ஒரே ஒரு இடம்கா. அந்த முனையில பழைய சூரை மீன் பதப்படுத்துற பட்டறை இருக்குல்ல? அஞ்சு நிமிஷம்."

"வேண்டாம்."

மிரெல்லாவின் குரல் தணிந்தது. "ஒரு வருஷமா நீ படுன்னா படுத்தேன், எந்திரின்னா எந்திரிச்சேன். வாயத் தொறன்னா தொறந்தேன். நான் குறை சொல்லல. நீ இல்லன்னா நான் இல்ல. ஆனா இன்னிக்கு அஞ்சு நிமிஷம் என்னை என் இஷ்டத்துக்கு விடு."

எர்சிலியா வண்டியை அந்த முனைப் பக்கம் ஓட்டினாள்.

பட்டறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறைமேல் நின்றது. கூரை விழுந்து, புகைக்கூண்டு மட்டும் மிச்சம். வாசலில் துருப்பிடித்த நங்கூரங்கள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் படகுகளை இழுத்து ஏற்றுவதற்கான கல் சரிவு நேராகக் கடலுக்குள் இறங்கியது. மிரெல்லா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக் குதித்து உள்ளே போனாள். வளைவு வாசலின் நிழல் மஞ்சள் துணியை விழுங்கியது.

எர்சிலியா ஒரு துண்டை எடுத்து இருக்கையைத் துடைக்கலாம் என்று பின் கதவைத் திறந்தாள்.

இருக்கை காய்ந்திருந்தது. மொத்தமும். எங்கும் வெள்ளை உப்பு மட்டும்.

காலையிலிருந்து எப்போது காயும் என்று காத்திருந்தவளுக்கு, காய்ந்ததைப் பார்த்ததும்தான் பயம் பிடித்தது. கீழே பார்த்தாள். கார்க் கதவிலிருந்து பட்டறை வாசல்வரை, கொதிக்கும் கல்மேல், ஈரக் காலடிகள். வெயிலில் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"மிரெல்லா!"

ஓடினாள். வாசலை எட்டுவதற்குள் மிரெல்லாவே வெளியே வந்தாள். மஞ்சள் துணி, பூப்போட்ட கவுன். எர்சிலியாவுக்கு மூச்சு வந்தது. தங்கையின் தோளைப் பிடித்தாள். தோள் ஜில்லென்றிருந்தது. உள்ளே நிழல், அதனால் இருக்கும் என்று நினைத்தாள்.

"போலாம். ஏறு."

மிரெல்லா முன்பக்கம் ஏறவில்லை. பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். "படுத்துக்கறேன்," என்றாள்.

எர்சிலியா வண்டியைக் கிளப்பினாள். பாறைச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாட்டு இல்லை, கிண்டல் இல்லை.

"தண்ணி வேணுமாடி?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "இருக்கு."

"செருப்பு எங்க?"

கண்ணாடியில் பார்த்தாள். மிரெல்லா படுக்கவில்லை. நேராக உட்கார்ந்திருந்தாள், எர்சிலியாவின் பிடரியைப் பார்த்தபடி. மஞ்சள் துணி நனைந்து கறுத்திருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு கற்றை முடி நழுவி விழுந்தது. பிறகு இன்னொன்று. கறுப்பாக. நீளமாக. தோளைத் தாண்டி, மடியைத் தாண்டி. நுனியில் தண்ணீர் சொட்டியது.

நகம் அளவு முடி. தன் கையாலேயே எண்ணெய் தடவிவிட்ட முடி.

அப்போது கைபேசி மணி அடித்தது. திரையில் பெயர் வந்தது. மிரெல்லா.

எர்சிலியா தொடவில்லை. தொட்டாளா? தெரியவில்லை. வண்டி முழுக்கக் குரல் நிறைந்தது.

"அக்கா! எங்கக்கா போற? உள்ள செருப்பு தண்ணியில விழுந்துடுச்சு, எடுத்துட்டு வந்து பாத்தா வண்டி தூரத்துல போகுது! கத்தினேனே, கேக்கலையா? விளையாடாதக்கா. இங்க... இங்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு. சீக்கிரம் வா."

அழைப்பு அறுந்தது.

பின் இருக்கை மெதுவாகக் கிறீச்சிட்டது. காதுக்குப் பக்கத்தில், மிரெல்லாவின் குரலில், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல ஒரு கேள்வி.

"யாருக்கா அது?"

எர்சிலியா கதறியிருக்க வேண்டும். கதவைத் திறந்து குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பாறையில் அவளுடைய தங்கை தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு வருஷம் கண் விழித்துக் காப்பாற்றிய உயிர். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை முழுதாக வளைத்தாள். சக்கரம் சரளையில் வழுக்கியது. வண்டி வந்த வழியே திரும்பியது.

இரண்டு கைகள் பின்னாலிருந்து வந்தன. குளிர்ந்த கைகள். கழுத்தைச் சுற்றின. நெரிக்கவில்லை. அணைத்தன. ஈரக் கன்னம் ஒன்று அவள் பிடரியில் அழுந்தியது. நெடி மூக்கில், வாயில், தொண்டையில். எர்சிலியா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. மாதாவே. மாதாவே. மாதாவே.

சட்டென்று எதுவும் இல்லை.

கைகள் இல்லை. நெடி இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். பின் இருக்கை காலி. போய்விட்டது. அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது அவளுக்கு. எதிரே பட்டறை. சரிவின் மேலே மிரெல்லா. ஒரு கையில் நனைந்த செருப்பு. தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடக்க, நகம் அளவு முடியோடு, கை ஆட்டிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடி வந்தாள்.

எர்சிலியா நிறுத்தினாள். இறங்கினாள்.

பத்தடி தூரத்தில் மிரெல்லா நின்றுவிட்டாள். முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது.

"அக்கா?"

நான்தான்டி, வா, ஏறு, ஓடிடலாம். சொல்ல வாயைத் திறந்தாள் எர்சிலியா. வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. குளிர்ந்த, உப்பான தண்ணீர். மார்பில் ஒழுகியது. நிற்கவில்லை.

"எங்க அக்கா எங்க?" மிரெல்லா பின்னால் நகர்ந்தாள். "நீ யாரு? எங்க அக்காவ என்ன பண்ணின?"

எர்சிலியாவின் தோள்மேல் ஏதோ கனமாக விழுந்தது. முதுகில், இடுப்பில், ஈரமாக ஒட்டியது. குனிந்து பார்க்கத் தேவையே இல்லை, நீளமான ஈரமுடி.

ஓடு, என்று நினைத்தாள். என்கிட்ட வராத. ஓடுடி.

கால் எடுத்து வைத்தது. அவள் வைக்கவில்லை. இன்னொரு கால்.

மிரெல்லா பார்வையை எடுக்காமல் பின்வாங்கிக்கொண்டே போனாள். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நங்கூரங்கள். போக இடம் சரிவு ஒன்றுதான். பாசி பிடித்த கல்லில் அவள் வெறுங்கால் வழுக்கியது. கணுக்கால் தண்ணீரில். முழங்கால். ஊரே சன்னல் அடைத்துத் தூங்கும் நேரம். உச்சி வெயிலில் கடல் பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது.

"அக்கா!" என்று கத்தினாள் மிரெல்லா. எர்சிலியாவின் தலைக்கு மேலே, காலியான சாலையைப் பார்த்துக் கத்தினாள். "அக்கா! வா! அக்கா!"

அக்கா வந்துகொண்டுதான் இருந்தாள். இரண்டு கைகளையும் விரித்தபடி, அணைத்துக்கொள்ள.